பெடில்: தோட்டத்துக்கு வந்த துப்பாக்கி

மலாய் மொழியில் துப்பாக்கிக்குப் பழைய சொல் ‘பெடில்’. அது நம்முடைய ‘வெடி’, ‘வெடியுப்பு’ போன்ற சொற்களிலிருந்து அங்கே போயிருக்க வேண்டும் என்று ஒரு கருத்து உண்டு. இன்று எல்லாரும் புழங்கும் ‘செனாப்பாங்’ டச்சுக்காரர்களின் ‘ஸ்னாப்ஹான்’ என்ற சொல்லின் திரிபு. நாம் தமிழ் என்று நினைத்துச் சொல்கிற ‘துப்பாக்கி’க்கோ வேர் துருக்கியில் இருக்கிறது. தெப்ராவ் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த என் பாட்டி இந்த மூன்றையும் சொல்ல மாட்டார். அவருக்கு அது வெறும் வெடிதான். “துரை வெடி வைக்கிறாரு, புள்ளைங்கள உள்ள கூப்பிடு” என்பார். லயத்துப் பக்கம் திரியும் நாய்களைச் சுடுவதற்குத் துரை வரும் நாட்களைப் பற்றிய பேச்சு அது.

வெடி என்றால் துரையுடையது. இது பாட்டிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிராத உண்மை. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு துரையின் பின்னால் நடந்தது தமிழன். சுட்டு விழுந்த பன்றியைக் காட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்ததும் தமிழன். துப்பாக்கி மட்டும் அவன் பெயரில் இருந்ததில்லை. தோட்டத்தில் பிறந்த ஒருவர் தன் பெயரில், சட்டப்படி, ஒரு பழைய துப்பாக்கியை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள எவ்வளவு காலம் பிடித்தது, அதற்கு நடுவில் என்னென்ன நடந்தது என்பதை எழுதிப் பார்க்க வேண்டுமென்று எனக்கு நெடுநாள் எண்ணம்.

தெப்ராவின் எழுதப்பட்ட வரலாறு ரப்பரில் தொடங்கவில்லை. 1844-இல் தான் கீ சூன் என்ற சீனத் தலைவர் தெப்ராவ் ஆற்றங்கரையில் கங்கார் ஒன்றைத் திறந்தார். கேம்பியரும் மிளகும் பயிரிட்ட குடியேற்றம் அது. அவர் ‘ஙீ ஹெங்’ சங்கத்தின் தலைவரும்கூட. கங்கார்களை ஆண்டவர்களுக்குக் கங்சூ என்று பெயர். ஆற்றின் வரியும் காவலும் அவர்கள் கையில் இருந்தன. கேம்பியர் தோட்டங்களுக்குப் புலி பெரிய எதிரி. ஆக, இந்த மண்ணில் ஆயுதம் என்பது தொடக்கத்திலிருந்தே இரண்டு வேலைக்குத்தான்: மிருகத்தை விரட்ட, மனிதனை அடக்க. 1917-இல் கங்சூ முறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் கேம்பியர் போய் ரப்பர் வந்துவிட்டது; ரப்பரோடு நாமும் வந்துவிட்டோம். அன்று ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் பேர்போன புலி வேட்டைக்காரர். அரண்மனைக்கும் துரை பங்களாவுக்கும் வேட்டை ஒரு பொதுமொழி. லயத்துக்கு அந்த மொழி காதில் விழும். பேசத்தான் உரிமை இல்லை.

அந்த ஒழுங்கு முதன்முதலாகக் குலைந்தது ஜப்பானியர் காலத்தில். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படைக்குப் பெண்களும் போனார்கள். பால்வெட்டுக் கத்தியைத் தவிர வேறு எந்த இரும்பையும் ஏந்திப் பழகாத கைகளில் ரைபிள் வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போனவர்களும் அதே லயத்து ஆட்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் “லெப்ட் ரைட்” போட்டுத் துப்பாக்கி பிடித்த அந்த இரண்டு வருஷத்தை, அதில் இருந்தவர்கள் சாகிறவரை மறக்கவில்லை. 1945-இல் ஆயுதங்கள் திரும்ப வாங்கப்பட்டன. தோட்டத்துக்குத் திரும்பி வந்த ஆள் பழைய ஆளாக இல்லை. சங்கம் வைத்தான், கூலி கேட்டான், சைக்கிளைவிட்டு இறங்காமல் துரையைக் கடந்து போனான்.

1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று விதிமுறை வந்தது. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. கையில் இருந்தாலே போதும். போர்க்காலத்தில் பிரிட்டிஷாரே காட்டுக்குள் விமானத்திலிருந்து போட்ட ஆயுதங்கள், ஜப்பானியர் விட்டுப்போன ஆயுதங்கள் என்று நாடு முழுக்க இரும்பு சிதறிக் கிடந்த நேரம் அது. அவசரகாலத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள் 200-க்கும் மேல்.

அவர்களில் ஒருவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்திலிருந்து சிறுவயதில் வந்தவர், இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர், மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். ரவாங் அருகே ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு ரவையோடும் பிடிபட்டார் என்பது வழக்கு. நேருவின் அரசு குறுக்கிட்டும் பயனில்லை. 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கணபதியின் பெயர் நமக்குத் தெரியும். மலேசியத் தமிழர்கள் அதை அவ்வப்போதாவது சொல்லிக்கொள்கிறோம்.

சாம்பசிவம் என்ற பெயரை அப்படிச் சொல்வதில்லை. இத்தனைக்கும் அவர் வழக்கு நம் ஜொகூரில் நடந்தது. 1948 செப்டம்பரில் பிடிபட்ட அவர் மீது இரண்டு குற்றச்சாட்டு: துப்பாக்கி ஏந்திச் சென்றது, தோட்டாக்கள் வைத்திருந்தது. நீதிபதியோடு அமர்ந்த இரு மதிப்பீட்டாளர்களும் இரண்டு குற்றச்சாட்டிலும் குற்றவாளி இல்லை என்றார்கள். தோட்டா விஷயத்தில் நீதிபதி ஒப்புக்கொண்டு விடுவித்தார். துப்பாக்கி விஷயத்தில் ஒப்பாமல் மறுவிசாரணைக்கு அனுப்பினார். மறுவிசாரணையில் மரண தண்டனை. மேல்முறையீடும் தோற்றது. கடைசியில் வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போய், 1950-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. காரணம் எளிமையானது. மறுவிசாரணையில் அரசுத் தரப்பு நம்பியிருந்த வாக்குமூலத்தில் துப்பாக்கியோடு தோட்டாவும் வருகிறது. தோட்டா விஷயத்தில் அவர் நிரபராதி என்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டதைப் புதிய மதிப்பீட்டாளர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒருமுறை விடுவித்த பிறகு அந்த விடுதலை முழுமையானது, பின்னால் வரும் எந்த விசாரணையிலும் அரசு அதற்குக் கட்டுப்பட்டது என்று பிரிவி கவுன்சில் சொன்னது. பிரிட்டிஷ் சட்ட மரபில் வந்த நாடுகளில் வக்கீல்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்து வாதாடுகிறார்கள். ஒரு தமிழனின் கழுத்துக் கயிறு சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கமாகி, பல நாட்டுக் கைதிகளுக்கு உதவிக்கொண்டிருக்கிறது. அவருடைய சொந்த மாநிலத்தில்தான் அது பேச்சாக இல்லை.

இதே ஆண்டுகளில் தோட்டங்களுக்குள் துப்பாக்கி சட்டப்படியும் நிறைய நுழைந்தது. சிறப்புக் காவலர்களாகச் சேர்க்கப்பட்டவர்கள் ஒரு கட்டத்தில் 40,000 பேர் அளவுக்கு இருந்தார்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. இரவில் ஊரடங்கு. பால்வெட்டப் போகிறவர்களின் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்கள், காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று. துரையின் கார் இரும்புத் தகடு அடித்த காராக மாறியது. துப்பாக்கிக்கு நடுவில்தான் மரம் வெட்டினோம். தென் ஜொகூர் கடைசிவரை அடங்காத வட்டாரங்களில் ஒன்று. 1958-இல் ஹோர் லுங் என்ற கம்யூனிஸ்ட் தலைவர் சரணடைந்த பிறகே இங்கே ஓய்ந்தது.

அந்தப் போரில் காட்டுக்குள் போன பிரிட்டிஷ் ரோந்துப் படைகள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். அடர்ந்த காட்டில் எதிரி தென்படுவது சில கஜ தூரத்தில், ஒரு சில நொடிகள்தான். அங்கே ரைபிளைவிட ரவைத்துப்பாக்கி பயன்பட்டது. ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகள் பரவிப் போவதால், 30 கஜத்துக்குள் ஆளைத் தாக்கும் வாய்ப்பு மற்ற ஆயுதங்களைவிட அதிகம் என்று மலாயா அனுபவத்தை ஆராய்ந்த பிரிட்டிஷார் கணக்கிட்டார்கள். பல ராணுவங்கள் பிற்பாடு இந்த முடிவை மேற்கோள் காட்டின. அந்த ரோந்துகளில் புழங்கிய துப்பாக்கிகளில் ஒன்று பிரௌனிங் ஆட்டோ-5.

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது என் தாய்மாமா வாயிலிருந்து.

மாமா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஓய்வுபெறுவதற்கு முன்பே கோத்தா திங்கி பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிச் செம்பனை நட்டார். நட்ட கன்றுகளைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போனது. மறுபடி நட்டார், மறுபடி போனது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று ரவைத்துப்பாக்கி உரிமம் கேட்டு மனுப் போட்டார். இது 1980-களின் நடுவில்.

அந்தக் காலத்துச் சட்டத்தைத் தெரிந்துகொண்டால்தான் அந்த மனுவின் கனம் புரியும். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அதே ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. இன்றைக்கும் உரிமத்துக்கு அதுதான் அடிப்படை. 1971-இல் தண்டனையைக் கூட்டும் இன்னொரு சட்டம். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. இதற்கெல்லாம் மேலே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. அதன்படி வழக்குப் போட்டால் துப்பாக்கி வைத்திருந்ததற்கே மரண தண்டனை. 1977-இல் பினாங்கில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தத் தண்டனை விதிக்கப்பட்டு, உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்து, பிறகு குறைக்கப்பட்டது. சாம்பசிவம் பிடிபட்டபோது இருந்த சட்டத்துக்கும் மாமா மனுப் போட்டபோது இருந்த சட்டத்துக்கும் கொடியைத் தவிரப் பெரிய வித்தியாசமில்லை.

“துப்பாக்கி விலை பெரிசில்லடா. காகிதம்தான் விலை” என்பார் மாமா. நிலப் பட்டா, பன்றி தோண்டிய குழிகளின் படம், கம்பத்துத் தலைவரின் கடிதம், போலீஸ் விசாரணை. எத்தனை தடவை பாலாய்க்கு நடந்தார் என்று அவருக்கே கணக்கில்லை. ஓர் அதிகாரி அவரைப் பார்த்து, “உனக்கெதற்குத் துப்பாக்கி, நாய் வளர்த்தால் போதாதா?” என்று கேட்டாராம். மாமா நாயும் வளர்த்தார். பன்றி கிழித்துப்போட்ட நாயையும் படமெடுத்து மனுவோடு வைத்தார். உரிமம் வந்தது.

புதுசு வாங்கக் காசில்லை. ஜொகூர் பாருவில் உரிமம் பெற்ற ஒரு சீனர் கடையில், இறந்துபோன ஒரு தோட்டக்காரரின் குடும்பம் ஒப்படைத்துவிட்டுப் போன ஆட்டோ-5 இருந்தது. பெல்ஜியத்தில் செய்தது, 12 போர். துரைமாரின் இரட்டைக்குழல் துப்பாக்கிகளும் சாதாரண ஒற்றைக்குழலும் அங்கே இருந்தன. கடைக்காரர் ஒற்றைக்குழலையே வாங்கச் சொன்னார். பன்றி ஒன்றாக வராது, கூட்டமாகத்தான் வரும் என்று மாமா இதைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டோ-5 கொஞ்சம் விசித்திரமான பிறவி. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் 1898-இல் வடிவமைத்தது. வின்செஸ்டர் கம்பெனியோடு பேரம் முறிந்தது. 1902 ஜனவரியில் ரெமிங்டன் தலைவரைப் பார்க்கக் காத்திருந்தபோது அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோனார். பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைக்குப் போனார். அங்கே தொடங்கிய உற்பத்தி ஏறக்குறைய நூற்றாண்டுக் காலம் நடந்தது. 1970-களிலிருந்து ஜப்பானில் செய்தார்கள். முதுகு சதுரமாகத் தூக்கிக்கொண்டிருப்பதால் பார்த்ததும் அடையாளம் தெரியும். சுட்டவுடன் குழலும் உள்ளிருக்கும் அடைப்பானும் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் ஓடும். பிறகு குழல் மட்டும் முன்னால் திரும்பும். காலித் தோட்டா வெளியே விழும். அடைப்பான் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு மூடும். விசையை ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும், ஏற்றுகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் அரைத்தானியங்கி.

பழையதை வாங்குகிறவன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மாமா அந்தக் கடைக்காரரிடமே கற்றார். குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்கணும். உள்ளே கரும்புள்ளி இருந்தால் துரு தின்ற இடம். முன்கட்டையில் விரிசல் இருக்கிறதா பார்க்கணும். இந்த மாடலில் கட்டை விரிசல் விட்டிருந்தால், முந்தின ஆள் உராய்வு வளையத்தைத் தப்பாக மாட்டிச் சுட்டிருக்கிறான் என்று அர்த்தம். தோட்டாக் குழாயைச் சுற்றி ஒரு பெரிய சுருள்வில், அதோடு ஒரு வளையம். பலமான தோட்டா என்றால் வளையம் வில்லுக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் பித்தளைத் துண்டு குழாயை இறுகப் பிடித்து அடியைத் தாங்கும். மென்மையான தோட்டா என்றால் வளையத்தை வில்லுக்குப் பின்னால் போட வேண்டும். இல்லாவிட்டால் குழல் முழுசாகப் பின்னால் போகாது, தோட்டா சிக்கிக்கொள்ளும். தேய்ந்த வில்லை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. 16 போர் பழைய துப்பாக்கி என்றால் அறை குட்டையாக இருக்கும், இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடக்கூடாது. மாமா 12 போரையே எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் முன்னால், இரும்பில் அடித்திருக்கும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று மாமா மூன்று தடவை பார்த்தாராம். துரு பிடித்த துப்பாக்கி பன்றியைத் தப்பவிடும். எண் மாறின துப்பாக்கி ஆளைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோகும்.

வாங்கியதைவிட வைத்துக்கொண்டதுதான் பெரிய வேலை. ஜொகூர் காற்றில் ஆணிகூட ஒரு மழைக்காலம் தாங்காது. சுட்டாலும் சுடாவிட்டாலும் வாரம் ஒருமுறை மாமா அதைக் கழற்றுவார். முதலில் காலியா என்று விரல் விட்டுப் பார்ப்பார். வேர்வைக் கை பட்ட இடமெல்லாம் துடைப்பு. தையல் மிஷின் எண்ணெய் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசின் மாதிரி இறுகிவிடும். தோட்டாக் குழாயில் எண்ணெய் ஒரு பூச்சுதான் இருக்கணும். அதிகமானால் பித்தளை வழுக்கி அடி கட்டையில் விழும், வறண்டால் ஓட்டம் நிற்கும். “பால்மரத்துப் பட்டை மாதிரி, ஆழமும் போகக்கூடாது, மேலாவும் நிக்கக்கூடாது” என்பார். பின்கட்டைக்குள் இன்னொரு வில் ஒளிந்திருக்கிறது. பலபேர் அதைத் திறப்பதே இல்லை, ஈரம் அங்கே போய்த்தான் தங்கும். வருஷத்துக்கு ஒருமுறை கடைக்குக் கொண்டுபோய் அதைத் திறந்து சுத்தம் செய்து வாங்குவார். தோல் உறையில் போட்டு வைக்கவே மாட்டார். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பூட்டிய இரும்பு அலமாரி, உள்ளே ஈரமுறிஞ்சும் பொட்டலம். பழைய காகிதத் தோட்டாக்கள் மழையில் ஊதிப்போய் அறைக்குள் சிக்கும் என்பதால் பிளாஸ்டிக் தோட்டாதான். அதுவும் எத்தனை வாங்கினார் என்று உரிமத்தில் கணக்கு.

சுட்ட பன்றி அவ்வளவு அதிகமில்லை. சுட்ட அன்று மட்டும் எங்கள் லயத்துக்கும் பக்கத்துச் சீனக் கம்பத்துக்கும் கறி வரும். வெட்டிக் கூறு போடும் இடத்தில் கூட்டம் நிற்கும். மாமா துப்பாக்கியோடு யாருக்கும் ‘ஷோ’ காட்டியதில்லை. போட்டோ பிடித்துக்கொள்ளக்கூட விடவில்லை. ஆனால் தோட்டத்தில் அவருக்கு ஒரு பேர் வந்தது. கல்யாணத்தில், கோயில் கூட்டத்தில், “வெடிக்காரர் வந்துட்டாரு” என்று இடம் விடுவார்கள். அந்தப் பேரில் கேலியும் இருந்தது, மரியாதையும் இருந்தது. பாட்டி மட்டும் அந்த அலமாரி இருந்த அறைக்குள் கடைசிவரை படுக்கவில்லை. துரையுடைய பொருள் நம் வீட்டில் இருக்கிறது என்ற பயம் அவருக்குப் போகவே இல்லை. கணபதியைத் தூக்கில் போட்ட செய்தியைக் கேட்ட தலைமுறை அது. காகிதம் இருக்கிறதே என்றால், “காயிதம் அவங்க குடுத்ததுதானே” என்பார். பல வருஷங்களாக அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு யோசித்தால், சாம்பசிவத்தின் கதையைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அவங்க கொடுத்த காகிதம் அவங்களையும் கட்டும், சில நேரமாவது.

இப்போது மாமாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. கண் தெரியவில்லை. மாமா பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை. அங்கே ஆயுதச் சட்டம் இங்கேயுள்ளதைவிடக் கடுமை. யாரும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளத் தயாரில்லை. இனி உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை, துப்பாக்கியை ஒப்படைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அவரிடம் இருப்பது வெறும் இரும்பு இல்லை, அவர் பெயருக்குக் கொடுத்த ஒரு நம்பிக்கை. இரும்பைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம், நம்பிக்கையை அப்படிக் கொடுக்க முடியாது.

தெப்ராவில் இன்று ரப்பரும் இல்லை, பன்றியும் இல்லை. நெடுஞ்சாலையும் பேரங்காடியும் வந்துவிட்டன. மவுண்ட் ஆஸ்டின் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லாடாங் தெப்ராவ், லாடாங் மவுண்ட் ஆஸ்டின் என்று தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு தமிழ்ப்பள்ளிகள் மட்டும் நிற்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் கணபதியையும் சாம்பசிவத்தையும் யாராவது அறிமுகப்படுத்த வேண்டும். அவர்களோடு சேர்த்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு துப்பாக்கியை வாரந்தோறும் துடைத்து, ஒரு தோட்டாவுக்குக்கூடக் கணக்குப் பிசகாமல் வைத்திருந்த ஆட்களையும் வரலாற்றில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். துப்பாக்கியைத் தவறாகப் பிடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வழக்குக் கோப்பாவது இருக்கிறது. சரியாகப் பிடித்தவர்களுக்கு மிஞ்சப் போவது, போலீஸ் நிலையப் பதிவேட்டில் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்ற ஒரு வரி.